வெறுங்காட்டைப் பார்க்க வந்தவர்கள்

எங்கள் காட்டைப் பார்க்க வெளிநாட்டு ஆட்கள் வேனில் வந்தார்கள் என்று சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர், "அந்தக் கரிசல்ல பாக்க என்ன இருக்கு?" என்கிறார்கள். சிரிக்கிறவர்களை விட்டுவிடலாம். இந்த இரண்டாவது ரகத்தின் மேல்தான் எனக்குக் கோபம். பிறந்ததிலிருந்து அந்த மண்ணில் நடந்துவிட்டு இப்படிக் கேட்பவர்களை என்ன சொல்வது? நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியைக் கேட்டவள் என்பதால் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். எப்போதும் இல்லை, சில சமயம்.

எங்கள் காடு, மழையை மட்டும் நம்பிய பருத்தி நிலத்தைத்தான் காடு என்போம், அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சிக்குப் போகிற பாதையில், ரோட்டை ஒட்டிக் கிடந்தது. கிணறு கிடையாது. தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். மழை பெய்தால் பயிர், இல்லாவிட்டால் புழுதி. என் வீட்டுக்காரர் தூத்துக்குடி ரோட்டில் லாரி ஓட்டினார். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். காட்டை நான் பார்த்துக்கொண்டேன். உழவுக்கு என் கொழுந்தனும் அவனுடைய ஒரு ஜோடி மாடும்.

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் என் வீட்டுக்காரர் பந்தல்குடி டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மதுரையிலிருந்து ஒரு வேன் வந்து நின்றிருக்கிறது. உள்ளே வெள்ளைக்காரர்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த கைடு இறங்கி, "அண்ணே, பருத்தி வெடிச்சு நிக்கிற காடு இங்கிட்டு எங்க இருக்கு? இவுக போட்டிருக்கிற சட்டை எதுல இருந்து வருதுன்னு பாக்கணுமாம்" என்று கேட்டிருக்கிறான். இவர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் காட்டுக்கு வழி காட்டிவிட்டார். நான் மடி நிறையப் பருத்தியோடு நிமிர்ந்து பார்த்தால், வரப்பு நெடுக வெயிலில் சிவந்த மூஞ்சிகள்.

அப்படி ஆரம்பித்ததுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாசியிலும் வேன் வந்தது. இப்போது இதற்கு விவசாயச் சுற்றுலா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தோப்பு வைத்திருப்பவர்கள் போர்டு மாட்டி, மாட்டு வண்டியில் ஏற்றி ஒரு சுற்று சுற்றிக் காட்டுகிறார்களாம். அப்போது அதற்கு எந்தப் பெயரும் கிடையாது. "வேன் வருது" என்போம், அவ்வளவுதான். வருகிறவர்களுக்குப் பருத்திப்பால் காய்ச்சிக் கொடுப்பேன். பருத்திக்கொட்டையை ஆட்டி, பால் எடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் கொதிக்க வைத்தது. சட்டை கொடுக்கிற செடியே குடிக்கவும் கொடுக்கிறது என்று அவர்களுக்கு ஆச்சரியம். போகும்போது காலித் தண்ணீர் பாட்டில்களை விட்டுவிட்டுப் போவார்கள். மண்ணெண்ணெய் வாங்க அதற்குத் தெருவில் அடிபிடி.

கைடு மதுரை டவுனிலேயே பிறந்து வளர்ந்தவன். நல்ல பையன், ஆனால் வாய் நீளம். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவன் இங்கிலீஷில் ஒரு பாட்டம் பேசுவான். பருத்திக்கு ஊடே நிற்கிற கொத்தமல்லிச் செடியைக் காட்டி, "இது மல்லி" என்பேன். அவன் கையை வீசி வீசி என்னவோ சொல்வான். அவர்கள் எல்லாரும் "ஓ" என்பார்கள். மல்லிக்கு என்ன "ஓ"?

"என்னலே சொன்ன?" என்று கேட்டேன்.

"பாண்டிய ராசா வீட்டுல இதத்தான் மருந்துக்கு வச்சிருந்தாகன்னு சொன்னேன்க்கா."

"எந்த ராசா ஒன்கிட்ட வந்து சொன்னாரு?"

"வெறும் மல்லின்னு சொன்னா எவன்க்கா மதுரையில இருந்து வெயில்ல வருவான்?"

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் மாசியில் காடு நன்றாகத்தான் இருக்கும். வெள்ளை வெளேரென்று பருத்தி வெடித்து நிற்கும். படம் பிடிப்பார்கள், போவார்கள். எனக்கும் அதில் நஷ்டமில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் அந்தக் கைடு புரட்டாசியில் வந்து நின்றான். மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கி, வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தான். நான் அப்போது வாசலில் உட்கார்ந்து பருத்திக்கொட்டையைச் சாணிப்பாலில் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தேன். கொட்டையின் மேல் ஒட்டியிருக்கிற பஞ்சு அப்படியே இருந்தால் ஒன்றோடு ஒன்று கட்டிக்கொள்ளும், ஏர் கீறின சாலில் ஒவ்வொன்றாக விழாது. சாணிப்பாலில் பிரட்டிச் சாம்பல் தூவிக் காயவைத்தால் தனித்தனியாக நிற்கும்.

"அக்கா, நாளைக்கு ஒரு கூட்டம் கூட்டிட்டு வாரேன். பருத்தி வெடிச்சிருக்கா?"

"மூஞ்சிய ரோட்டுப் பக்கம் திருப்பிட்டு வந்தியா? வார வழியில எங்கயாவது ஒரு எலை பச்சையா இருந்துச்சா?"

"இல்லயேக்கா. அதான் பயமா இருக்கு. லீவு இப்பத்தான் கெடச்சிச்சாம். வந்துட்டாக. மீனாட்சியம்மன் கோயிலப் பாத்துட்டாக. இனிமே விவசாயத்தக் காட்டுங்கறாக. நான் என்னத்தக் காட்ட?"

"நாளைக்கு நாங்க வெதைக்கப் போறோம். அதக் காட்டு."

அவன் முகம் மலர்ந்தது. "மழ பெஞ்சிருச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப எப்படிக்கா வெதைப்பீக?"

அவனுக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன். இது தெரியாவிட்டால் இனிமேல் நடந்தது எதுவும் புரியாது.

கரிசல் மண் காய்ந்தால் பாறை, நனைந்தால் பசை. ஐப்பசியில் பெருமழை விழுந்துவிட்டால் காட்டுக்குள் காலை வைக்க முடியாது. மாட்டின் கால் புதைந்து கொள்ளும், கலப்பையில் மண் அப்பிக்கொள்ளும். மண் உலர்ந்து உழவுக்கு வருவதற்குள் பருவம் போய்விடும். அதனால் மழைக்கு முன்பே, புழுதியிலேயே விதையை ஆழப் போட்டு மூடிவிடுவோம். பெருமழை வந்தால் ஈரம் அந்த ஆழம் வரை இறங்கி, விதை தானாக எழுந்துகொள்ளும். மழை வருகிற வரைக்கும் விதை அந்தச் சூட்டில் கிடக்க வேண்டும். அது கிடக்கும். காய்ந்து கிடப்பதில் விதைக்கு ஆபத்து இல்லை. அரைகுறை ஈரம்தான் ஆபத்து. ஒரு சின்னத் தூறல் விதை வரைக்கும் எட்டிவிட்டால், மழை வந்துவிட்டது என்று நம்பி அது முளைவிட்டுவிடும். பின்னாலேயே வெயில் அடித்தால் நூல் நூலாகக் கருகிப் போகும்.

முந்தின வருஷம் எங்களுக்கு அதுதான் நடந்தது. ஒரு கேடுகெட்ட மழை, வாசல் தெளித்த மாதிரி பெய்துவிட்டுப் போய்விட்டது. முளைத்த அத்தனையும் செத்தது. மறுபடி விதைக்க முக்கால் காட்டுக்கு விதையில்லை. ஒரு ஓரத்தில் மட்டும் போட்டு, அதில் வந்த பருத்தியில் நல்ல காயாகப் பார்த்துப் பொறுக்கி, டவுன் மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்துப் பஞ்சைப் பிரித்து, கொட்டையை வாங்கி வந்து மூட்டையாக வைத்திருந்தேன். அந்த வருஷம் மாட்டுக்குத் தீனி இல்லாதபோதுகூட அந்த மூட்டையை நான் அவிழ்க்கவில்லை. கொழுந்தன் கேட்டுப் பார்த்தான். முறைத்துவிட்டேன். இந்த விதையும் போனால் காடு தரிசு. காடு தரிசானால் அதை வாங்கிக்கொள்ள ஆள் தயாராக இருந்தது. வீட்டுக்காரருக்கும் லாரியைக் கட்டிக்கொண்டு டவுனிலேயே குடியிருந்துவிடலாம் என்ற எண்ணம். "இந்த வருசமும் போச்சுன்னா வித்துருவோம்" என்று சொல்லிவிட்டுத்தான் அந்தத் தடவை வண்டி ஏறியிருந்தார். சும்மா சொல்கிறவர் இல்லை அவர்.

மறுநாள் காலையில் வேன் வந்தது. ஐந்தாறு பேர் இறங்கினார்கள். அயர்லாந்தோ ஸ்காட்லாந்தோ, கைடு சொன்னது மறந்துவிட்டது. எல்லாரும் சொந்தக்காரர்கள். அவர்களும் விவசாயம் செய்கிறவர்கள்தான் என்றான். உருளைக்கிழங்கும் பார்லியும் போடுவார்களாம், ஆடு வளர்ப்பார்களாம். அவர்களில் ஓர் அம்மா, நல்ல உயரம், நரைத்த தலை, ஆம்பிளை மாதிரிப் பெரிய கை. நகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, மண்ணில் வேலை செய்கிறவள் என்று.

காட்டுக்குப் பக்கத்தில் உழாமல் கிடந்த தரிசில்தான் வேனை நிறுத்தினான். கோடை முழுக்கக் காய்ந்த மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்த அம்மா இறங்கியதும் காடு எங்கே, செடி எங்கே என்று எதுவும் கேட்கவில்லை. ஒரு வெடிப்புக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். கையை உள்ளே விட்டாள். மணிக்கட்டு போனது, முழங்கை போனது. அவள் மண்ணில் பக்கவாட்டில் படுத்துத் தோள் வரைக்கும் விட்டாள். அடி தட்டவில்லை. அப்படியே படுத்த வாக்கில் எங்களைப் பார்த்தாள். கண் பெரிதாக இருந்தது.

"பாம்பு கெடக்கும், கைய எடுக்கச் சொல்லு!" என்று கத்தினேன்.

கைடு சொன்னதும் எழுந்தாள். கையைப் பார்த்தாள். என்னவோ சொன்னாள்.

"உள்ள குளுந்து இருக்குங்கறாங்கக்கா."

எத்தனை கோடை அந்த வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறேன். காலை வைத்து முறித்துக்கொள்ளாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்திருக்கிறேன். கையை விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் நானும் குனிந்து விட்டுப் பார்த்தேன். ஆமாம், குளிர்ச்சியாகத்தான் இருந்தது. மேலே கால் சுடுகிறது, தோள் ஆழத்தில் மண் ஊற்றுக்குப் பக்கத்தில் கை வைத்த மாதிரி இருக்கிறது. அதோடு அந்த அம்மா மேல் ஒரு எரிச்சலும் வந்தது, வந்து இறங்கின உடனே இவளுக்கு இது தெரிந்துவிட்டதே என்று.

கொழுந்தன் ஏர் பூட்டிக்கொண்டு வந்தான். அவர்களில் ஓர் ஆள் வானத்தைக் காட்டி, மழை எப்போது என்று கேட்டான்.

"தெரியாது" என்றேன்.

கைடு ஏதோ நீளமாகச் சொல்ல வாயெடுத்தான். "தெரியாதுன்னு மட்டும் சொல்லு" என்றேன். சொன்னான். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அந்த அம்மா கேட்டாள். கைடு தமிழில் சொன்னான். "நீங்க மழைக்கு சாமி கும்புடுவீங்களாங்கறாங்க."

நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மழைக்கு ஜெபம் உண்டு. அதைச் சொன்னேன். அதைக் கேட்டு அந்தக் கூட்டமே சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எதுக்குச் சிரிக்கிறாக?"

"கோவப்படாதீகக்கா. அவுக ஊருலயும் சர்ச்சுல ஜெபம் பண்ணுவாகளாம். மழ நிக்கணும்னு."

"நிக்கணும்னா?"

"ஆமாக்கா. பெஞ்சுகிட்டே இருக்குமாம். கெழங்கு அழுகிப் போகுமாம்."

கொழுந்தன் ஏரை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். "மதினி, இவுக கும்புடுறதும் நாம கும்புடுறதும் ஒரே சாமிதான?"

"ஒரே சாமிதான்."

"அதான பாத்தேன். இங்க வர வேண்டிய மழய அவரு அட்ரஸ் மாத்திக் குடுத்துக்கிட்டு இருக்காரு."

கைடு அதை மொழிபெயர்த்தான். அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மழை வேண்டாம் என்று மண்டியிடுகிற சனம் ஒன்று பூமியில் இருக்கிறது. அங்கேயும் விதை போடுகிறார்கள், அங்கேயும் அழிவு வருகிறது, அங்கேயும் சாமியைத்தான் கூப்பிடுகிறார்கள். பூமி இவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

விதைப்பு தொடங்கியது. கொழுந்தன் சால் ஓட்டினான், நான் பின்னால் குனிந்து விதை போட்டுக்கொண்டே போனேன். அடுத்த சால் ஓட்டும்போது அந்த மண் விழுந்து இந்தச் சாலை மூடிவிடும். தாங்களும் போடுகிறோம் என்றார்கள். வந்த விருந்தாளி கேட்டால் முடியாது என்று சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. மேற்கு ஓரத்தில் நான்கைந்து சால் ஓட்டிவிட்டு, ஒரு சிறு பெட்டியில் விதை கொடுத்து, இவ்வளவு ஆழம், இவ்வளவு இடைவெளி என்று கையால் காட்டினேன். நன்றாகத்தான் போட்டார்கள். அந்த அம்மா போட்டது என்னுடையதைப் போலவே இருந்தது. மண்ணைக் கையாலேயே தள்ளி மூடினார்கள். சரி, இருக்கட்டும் என்று நானும் கொழுந்தனும் கிழக்குக் கோடிக்குப் போய்விட்டோம்.

கோடியில் மாட்டைத் திருப்பும்போது நிமிர்ந்து பார்த்தேன். மேற்கு ஓரத்தில் என்னவோ மின்னியது. கரிசல் மண் காய்ந்திருந்தால் மின்னாது.

அவர்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆளுக்கொரு பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு, அது தீர்ந்ததும் வேனிலிருந்த கேனையும் இறக்கி, ஒருவன் கேனைத் தூக்க இன்னொருவன் டம்ளரில் மொண்டு, சால் நெடுகிலும், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி அவ்வளவு பக்குவமாக ஊற்றிக்கொண்டு வந்தார்கள். கைடு முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

நான் ஓடினேன். உழுத காட்டில் ஓடினால் கால் புதையும். விழுந்தேன், எழுந்தேன், ஓடினேன். கத்திக்கொண்டே ஓடினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது.

"ஏலே, நிப்பாட்டச் சொல்லுலே! வெதயக் கொன்னுட்டீகளேலே!"

"என்னக்கா ஆச்சு? வெத போட்டா தண்ணி ஊத்தணும்தான?"

"ஒங்க ஊரு பூந்தொட்டியாலே இது? நாளைக்கு யாரு ஊத்துவா? நாளன்னைக்கு யாரு ஊத்துவா? வேனு வந்து ஊத்துமா?"

அவனுக்கு அப்போதும் புரியவில்லை. அவர்களுக்கு எப்படிச் சொல்வான்? நான் அவனைத் தள்ளிவிட்டு அந்த அம்மாவிடம் போனேன். ஈரமான விதை ஒன்றைத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். ஆள்காட்டி விரலை மடக்கி, அது முளைக்கிற மாதிரி மெல்ல நிமிர்த்தினேன். வானத்தைக் காட்டினேன். வெறும் வெயில். பிறகு அந்த விரலைத் தொங்கப் போட்டேன்.

அவள் விரலைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். காடு முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். டம்ளர் வைத்திருந்தவனிடம் அவள் என்ன சொன்னாள் என்று தெரியாது, அவன் கேனைக் கீழே வைத்துவிட்டான். அவள் அப்படியே முட்டி போட்டுச் சாலைக் கிளற ஆரம்பித்தாள்.

கொழுந்தன் வந்து பார்த்தான். "மதினி, இப்பத்தான நனைஞ்சிருக்கு. ஊறுறதுக்குள்ள எடுத்து நெழல்ல ஒலத்திட்டா பொழைக்கும்."

எல்லாரும் மண்டியிட்டோம். நான், கொழுந்தன், கைடு, அந்த வெளிநாட்டுச் சனம் மொத்தமும். நனைந்த கரிசலில் நனைந்த பருத்திக்கொட்டையைத் தேடுவது லேசான வேலை இல்லை. இரண்டும் ஒரே நிறம். ஒவ்வொரு மண் உருண்டையையும் நசுக்கி நசுக்கிப் பார்க்க வேண்டும். வெயில் முதுகைப் பிளந்தது. அவர்களுக்கு அந்த வெயில் பழக்கமில்லை. கழுத்தெல்லாம் நெருப்பு நிறமாகிவிட்டது. ஒருவரும் எழுந்து போகவில்லை. கைடு இரண்டு தடவை, நேரமாகிறது, திருச்சுழிக் கோயிலைப் பார்த்துவிட்டு ராமேஸ்வரம் போக வேண்டும் என்று சொல்லிப் பார்த்தான். அந்த அம்மா தலையைத் தூக்காமலே ஒரு வார்த்தை சொன்னாள். அவன் மறுபடியும் மண்ணைக் கிளறக் குனிந்தான்.

பொறுக்கியதைச் சாக்கில் பரப்பி வேலமரத்து நிழலில் வைத்தோம். அவர்கள் குடிக்கத் தண்ணீர் இல்லை, அத்தனையையும் ஊற்றியாயிற்று. என் பானையிலிருந்து கொடுத்தேன். ஊருணித் தண்ணீர். கைடு, "அவுகளுக்கு இது ஒத்துக்காதுக்கா" என்றான். அந்த அம்மா வாங்கிக் குடித்தாள்.

பிறகு அவள் என்னிடம் கேட்டாள், அவன் தமிழில் சொன்னான்: "மழ வருமா வராதான்னு தெரியாம இருக்கிற மொத்த வெதயயும் எப்படி மண்ணுக்குள்ள போடுறீங்க?"

"போடலன்னா வந்தாலும் ஒண்ணும் வெளையாதே."

அவன் அதை இங்கிலீஷில் சொன்னான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கைக்கும் அவள் கைக்கும் ஒரே காய்ப்பு. அவள் அழப் போகிறாள் என்று பயந்து நான் கையை உருவிக்கொண்டேன். மெச்சுவதற்கு இதில் ஒன்றும் இல்லை, எங்களுக்கு வேறு வழி கிடையாது, அவ்வளவுதான் என்று சொல்ல நினைத்தேன். வேன் போன பிறகு அவள் கேட்டது என் தலைக்குள் கிடந்து உழன்றது. மொத்த விதையையும். தெரியாமல். புழுதிக்குள். நான் வருஷாவருஷம் செய்கிற காரியம்தான். மற்றவர் வாயிலிருந்து கேட்டபோது முதல் தடவையாக அது எனக்குப் பயமாகப் பட்டது.

உலர்ந்த விதைக்கு மறுபடி சாம்பல் பூசி, மறுநாள் மேற்கு ஓரத்தில் போட்டு முடித்தோம்.

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. தினமும் காலையில் வானத்தைப் பார்ப்பேன். நீலம். அந்த நீலத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் விடியும்போது ஓட்டில் சடசடவென்று சத்தம். எழுந்து வாசலுக்கு வருவதற்குள் நின்றுவிட்டது. வாசல் தெளித்த மாதிரி. போன வருஷம் வந்த அதே கேடுகெட்ட மழை.

நான் முகம்கூடக் கழுவாமல் காட்டுக்கு ஓடினேன். மண்ணின் மேல்தோல் கறுத்திருந்தது. உட்கார்ந்து விரலை விட்டேன். நகக்கண் அளவுக்கு ஈரம். அதற்குக் கீழே புழுதி. இன்னும் தோண்டினேன். விதை அகப்பட்டது. எடுத்து உருட்டிப் பார்த்தேன். மேலே சாம்பல்கூடக் கலையவில்லை. ஈரம் விதைக்கு மேலே இரண்டு விரல்கடை தூரத்தில் நின்றுவிட்டது. அப்படியே திருப்பி வைத்து மூடினேன். நாலைந்து இடத்தில் பார்த்தேன், எல்லாம் அப்படித்தான்.

மேற்கு ஓரத்துக்குப் போனேன். அன்றைக்குக் கைக்குத் தப்பின விதைகள் சில அங்கே கிடந்திருக்கின்றன. அவர்கள் ஊற்றிய தண்ணீரை நம்பி முளைத்து, எழ முடியாமல், மண்ணுக்குள்ளேயே காய்ந்து நூலாகக் கிடந்தன. ஒன்றை எடுத்தேன். விரலில் பொடிந்துவிட்டது. இந்தத் தூறல் விதை வரைக்கும் எட்டியிருந்தால் காடு மொத்தமும் இப்படித்தான் ஆகியிருக்கும். அந்த நூலையும் சாம்பல் கலையாத விதையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. காதோ கண்ணோ இல்லாத அந்தக் கொட்டைக்கு, இது மழை இல்லை, பொறு என்று தெரிகிறது. இல்லை, அதற்குத் தெரியாது, ஆழம்தான் காப்பாற்றியது என்று கொழுந்தன் சொல்லுவான். சொல்லட்டும்.

ஐப்பசியில் ஒருநாள் மல்லாங்கிணறில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, அருப்புக்கோட்டையில் பஸ் மாறி வந்து, சாயங்காலத்துக்கு முன்பே எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கினேன். கிழக்கே வானம் இருட்டிக்கொண்டு நின்றது. காற்று நின்றுபோயிருந்தது. வீட்டுக்குப் போகாமல் காட்டுப் பக்கம் நடந்தேன். பாதி வழியில் முதல் துளி என் கையில் விழுந்தது. புளியங்கொட்டை கனம். அப்புறம் துளி என்று ஒன்றில்லை, தண்ணீராகவே இறங்கியது.

பட்டுச் சேலை. ஒதுங்க இடமில்லை. ஒதுங்கவும் தோன்றவில்லை. அந்த அம்மா கையை விட்ட தரிசுக்குப் பக்கத்தில் நின்றேன். மழைத் தண்ணீர் தரிசைத் தாண்டவில்லை. ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை. வெடிப்புகள் குடித்தன. நாலு பக்கமிருந்தும் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக ஓடிவந்து வெடிப்புகளுக்குள் விழுந்தது. அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்வது? பெரிய மாட்டுக் கூட்டம் ஒன்று தொட்டியில் வாய் வைத்து உறிஞ்சினால் கேட்குமே, அப்படி. தரை முழுக்க அந்த உறிஞ்சல். மேல் மண்ணில் அடைந்திருந்த சூடு ஆவியாகக் கிளம்பி என் கணுக்காலில் பட்டது. ஊர் முழுக்க ஊற்றினாலும் நிறையாதோ என்று தோன்றியது. பிறகு மெல்ல, கண் முன்னாலேயே, மண் உப்ப ஆரம்பித்தது. வெடிப்பின் இரண்டு கரையும் ஒன்றை ஒன்று நெருங்கின. கையை விட்டால் தோள் வரைக்கும் போன இடத்தில் கொஞ்ச நேரத்தில் விரல் போகாது. நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். மழை வாய்க்குள் விழுந்தது.

அந்த மழை மூன்று நாள் விட்டுவிட்டுப் பெய்தது. நின்ற பிறகும் காட்டுக்குள் யாரும் இறங்க முடியவில்லை. வரப்பு வரைக்கும் போய்ப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. கறுப்பாகப் பளபளவென்று கிடக்கும். திரும்பி வருவேன். அழுகிவிட்டதோ என்று ஒரு பயம். வீட்டுக்காரர் வந்து இரண்டு நாள் இருந்தார். ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். அதில் கேள்வி இருந்தது.

இரண்டாம் நாள் காலையில் நானும் அவருமாகத்தான் போனோம். நல்ல வெயில். தூரத்திலிருந்து பார்த்தபோது காடு கறுப்பாகத்தான் இருந்தது. வரப்பில் ஏறியதும் நான் நின்றுவிட்டேன்.

மண் கோடு கோடாகத் தூக்கிக்கொண்டு நின்றது. சால் ஓடிய இடமெல்லாம் மேல்தோல் கீறி, ஒவ்வொரு கீறலுக்குள்ளிருந்தும் ஒரு வெள்ளைக் கழுத்து, வளைந்து, தலையில் கொட்டைத் தோலைச் சுமந்துகொண்டு மேலே வந்துகொண்டிருந்தது. சில அதற்குள் நிமிர்ந்து இரண்டு இலையை விரித்துவிட்டிருந்தன. கிழக்குக் கோடி வரைக்கும் அப்படியே. மேற்கு ஓரத்தில் அந்தச் சனம் பொறுக்கிக் கொடுத்த விதைகளும், அங்கங்கே சொட்டை விழுந்த மாதிரி இடைவெளி விட்டு, வந்திருந்தன. ஒரு கட்டி மண்ணை, என் கைப்பிடி அளவு இருக்கும், ஒரு முளை தனியாகத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றது. சாய்ந்தாலும் கீழே போடவில்லை.

வீட்டுக்காரர் அதைக் குனிந்து பார்த்தார். லோடு ஏற்றி இறக்கிப் பழகிய மனிதர். "எப்படித் தூக்குச்சு இத?" என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, பொதுவாகக் கேட்டார். கட்டியை எடுத்துவிடக் கை நீட்டினார்.

"தொடாதீக" என்றேன். "அதுவே தள்ளும்."

கையை இழுத்துக்கொண்டார். "சரி, டவுனுல பாத்து வச்ச வீட்ட வேண்டாம்னு சொல்லிர்றேன்" என்றார்.

எனக்கு அதற்குச் சந்தோஷப்படக்கூட நேரமில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வருஷம் தவறாமல் அந்த வேன் மாசியில் வருகிறது. எல்லாம் முடிந்து வெடித்த பிறகு வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். மண்டியிட்டு விதை பொறுக்கின அந்த அம்மா, இதைப் பார்க்க வேண்டியவள், எங்கோ மழை நிற்கச் சொல்லி ஜெபம் பண்ணிக்கொண்டு இருக்கிறாள். அவளுக்குச் சொல்ல ஒரு வழியும் எனக்குத் தெரியாது. ரோட்டில் பரளச்சி பஸ் போனது. உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் எங்கள் காட்டைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி வந்து பாருங்கள் என்று கத்தலாம் போல இருந்தது. கத்தினேன். என் வீட்டுக்காரர் பதறிப்போய், "ஏட்டி, என்ன?" என்றார். பஸ் நிற்கவில்லை.